குரங்கு எலும்பு படிக்கப்போறன் எண்டு மகள் நிக்கிறாள், இந்தத் துறையில வாழ்ந்த ஆக்களைப் பற்றித் தெரிஞ்சவை சொல்லுங்கோ

நிலாவின்ர அம்மா (திருநெல்வேலி):

வணக்கம் எல்லாருக்கும். நான் இதில வாசிக்கிறதோட சரி, எழுதிறது குறைவு, ஆனா இண்டைக்குக் கேட்டே ஆகவேணும். மகள் ஏ.எல். பயோ, அடுத்த வருசம் சோதினை. போன வருசம் மாங்குளத்தில அண்ணாவின்ர காணிக்குப் போன இடத்தில வேலிக்கரையில ஒரு குரங்கு மண்டையோடு கிடந்தது, வெயில்ல காய்ஞ்சு வெளிறிப்போய், கீழ்த்தாடை கொஞ்சம் தள்ளிக் கிடந்தது, ரெண்டையும் பேப்பரில சுத்திக்கொண்டு வந்திட்டாள். வீட்டுக்குள்ள கொண்டராதை எண்டு நான் கத்தக் கத்த கிணத்தடியில வைச்சு சவுக்காரத்தூள் போட்டு, பழைய பல்லுத் தீட்டிற பிறஷால தேய்ச்சுக் கழுவி, இப்ப பிஸ்கற் ரின்னுக்குள்ள பஞ்சு வைச்சு அதில வைச்சிருக்கிறாள்.

பேந்து ஒருநாள் இரவு வந்து அம்மா வாயைத் திறவுங்கோ எண்டு சொல்லி ரோச் அடிச்சு என்ர பல்லை எண்ணினாள். ஒரு தாடையின்ர ஒரு பக்கத்தில வெட்டும்பல் 2, வேட்டைப்பல் 1, முன்கடைவாய்ப்பல் 2, கடைவாய்ப்பல் 3. குரங்குக்கும் அதே கணக்கு. நான் பிடுங்கின ரெண்டையும் சேர்த்தா எனக்கு 32, அதுக்கும் 32. அண்டைக்குத் துவங்கினது. டொக்டருக்கு வேண்டாமாம், பழைய காலத்துக் குரங்குகளின்ர பொசில், அதுதான் கல்லாப்போன எலும்பு, தேடிப் படிக்கிற ஆளா வரப்போறாளாம். ரியூசன்ல ஒரு சேரிட்டச் சொல்ல அவர் எல்லாருக்கும் முன்னால, குரங்கெலும்பு படிச்சு எங்க வேலை எடுக்கப்போறாய் எண்டு கேட்டிருக்கிறார், பிள்ளை அழுதுகொண்டு வந்தவள். எனக்கு அந்தச் சேரில கோவம் வந்தது உண்மை, ஆனா அவர் கேட்ட கேள்விக்கு என்னட்டயும் பதில் இல்லை. இப்பிடி ஒரு வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்த ஆக்கள் இருக்கினமோ, அவையின்ர சீவியம் எப்பிடிப் போனது, தெரிஞ்சவை சொல்லுங்கோ. மகளின்ர அப்பாவும் நானும் ரெண்டு பேரும் வாசிப்பம்.

கோண்டாவில் ரமணன்:

அக்கா, பிள்ளை எண்ணின அந்த 2-1-2-3 தான் இந்தத் துறையின்ர அரிச்சுவடி. ஒருத்தரும் சொல்லிக் குடுக்காம தானாப் போய் அந்த இடத்தில நிண்டிருக்கிறாள், அதை வாசிக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு சொல்ல ஏலாது. ஆசியா, ஆபிரிக்காக் குரங்குகள், சிம்பன்சி, ஒராங்குட்டான் மாதிரி வாலில்லாக் குரங்குகள், நாங்கள், எல்லாருக்கும் அந்தக் கணக்குத்தான். தென்னமெரிக்கக் குரங்குகளுக்கு முன்கடைவாய்ப்பல் 3. பல்லின்ர மேல்பூச்சு உடம்பிலயே கெட்டியான சாமான், எலும்பெல்லாம் உக்கிப் போனாலும் பல்லு மிஞ்சும், அதால பழைய குரங்குகளைப் பற்றி எங்களுக்குத் தெரிஞ்சதில பெரிய பங்கு பல்லிலயும் தாடைத் துண்டிலயும் இருந்து வந்ததுதான்.

நான் கம்பஸில விலங்கியல் செய்தனான், இப்ப படிப்பிக்கிறன். உங்களுக்கு ஒராளைச் சொல்றன், எல்வின் சைமன்ஸ். 1930ல அமெரிக்காவில கான்சாஸில பிறந்து ரெக்சாஸில வளந்தவர். 1956ல பிரின்ஸ்ரனில கலாநிதிப் பட்டம் எடுத்துப்போட்டு, அதோட நிக்காமல் ஒக்ஸ்போர்ட்டுக்குப் போய் 1959ல ரெண்டாவது கலாநிதிப் பட்டமும் எடுத்தவர். 1960ல யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்து அடுத்த வருசமே எகிப்துக்கு வெளிக்கிட்டார். அங்க பாயூம் எண்டு ஒரு இடம், கெய்ரோவுக்குத் தென்மேற்கால, இப்ப வெறும் மணலும் கல்லும் காத்தும்தான், ஆனா 3 கோடி வருசத்துக்கு முன்னம் அது ஆறும் சதுப்பும் மழைக்காடுமா இருந்த இடம். 1900களின்ர துவக்கத்தில அங்க நாலைஞ்சு குரங்குத் தாடைத் துண்டுகள் எடுத்திருந்தவை, அதுக்குப் பிறகு அரை நூற்றாண்டா ஒருத்தரும் குரங்கைத் தேடி ஒழுங்காப் போகேல்லை. இவர் போனவர், பிறகும் திரும்பத் திரும்ப அங்க போனவர்.

அவை அங்க வேலை செய்த விதத்தைக் கேளுங்கோ அக்கா. பாயூம் தரையில மேலால சின்னச் சின்னக் கூழாங்கல்லு ஒரு ஓடு மாதிரிப் படிஞ்சு கிடக்கும், அதுதான் கீழ இருக்கிற மண்ணைக் காத்து அடிச்சுக்கொண்டு போகாமப் பிடிச்சு வைச்சிருக்குது. இவை என்ன செய்தவை எண்டா நாங்கள் விடிய எழும்பி முத்தம் கூட்டிற மாதிரி விளக்குமாத்தால அந்தக் கூழாங்கல்லைக் கூட்டி ஒதுக்கிவிட்டிட்டு விட்டிடுவினம். பாலைவனக் காத்து மிச்ச வேலையைச் செய்யும். அடுத்த வருசம் வந்து பாத்தா மண் போய், பல்லும் தாடையும் தானா மேல தெரியும். மண்வெட்டியால கொத்தினா நொருங்கிப்போகிற சாமானைக் காத்து ஒரு கீறல் இல்லாம எடுத்துக் குடுக்கும். காத்துக்கு ஒரு வருசம் நேரம் குடுத்துப்போட்டு திரும்ப வாறது எண்டது எவ்வளவு பொறுமை எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

அப்பிடி எடுத்த தாடைகளை வைச்சு 1965ல ஈஜிப்ரோபிதிக்கஸ் எண்டு பேர் வைச்சார். 1966ல அவற்ற குழுவில ஒருத்தருக்கு அதின்ர மண்டையோடே கிடைச்சது. கிட்டத்தட்ட 6, 7 கிலோ நிறை இருந்திருக்கும் எண்டு கணிக்கிற மிருகம், மரத்தில நாலு காலால நடந்து திரிஞ்சது, பல்லுக் கணக்கு 2-1-2-3, உங்கட பிஸ்கற் ரின்னுக்குள்ள இருக்கிறவருக்கும் உங்களுக்கும் இருக்கிற அதே கணக்கு. குரங்கும் வாலில்லாக் குரங்கும் ரெண்டு வழியாப் பிரியிறதுக்கு முன்னம் இருந்த ஆக்களுக்கு அது கிட்ட நிக்குது. ஆனா 2007ல ஒரு பெண் மண்டையோட்டை சி.ரி. ஸ்கான் எடுத்துப் பாக்கேக்க மூளை முந்தி நினைச்சதைவிடச் சரியான சின்னன் எண்டு தெரிஞ்சது. அந்தக் கட்டுரையை எழுதேக்க சைமன்ஸுக்கு 76 வயசு.

பிள்ளையிட்ட இன்னொண்டு சொல்லுங்கோ. மண்டையோட்டின்ர கண் குழிக்குள்ள விரலை விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, பின்னால எலும்புச் சுவர் முட்டும், கிண்ணம் மாதிரி. தேவாங்குக்கு அது இல்லை, கண்ணைச் சுத்தி ஒரு வளையம் மட்டும்தான், விரல் நேர பின்னால போகும். அந்தச் சுவர் எப்ப வந்தது எண்ட கேள்விக்கு மறுமொழி சொன்னதும் பாயூம்தான். கட்டோபிதிக்கஸ் எண்டு சைமன்ஸ் 1989ல பேர் வைச்ச குட்டி மிருகத்துக்கு, அது இருந்தது 3 கோடி 40 லட்சம் வருசம் மட்டில, கண்ணுக்குப் பின்னால சுவர் இருந்திருக்குது.

சுன்னாகம் கிணறுகாரன்:

ரமணன் தம்பி எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். எங்கட அப்பா கிணறு வெட்டினவர், நானும் சின்னனில கூடப் போனனான். சுண்ணாம்புக்கல்லை உடைக்கேக்க உள்ளுக்குச் சிப்பி அப்பிடியே அச்சுக் குத்தினமாதிரி இருக்கும், வரி வரியாத் தெரியும், அப்பா ஒண்டை எடுத்து என்ர கையில தந்து இது முந்திக் கடல் எண்டு சொன்னது இப்பவும் ஞாபகம். அந்தப் பிள்ளைக்கு நான் கேக்கிறது, எங்கட கல்லுக்குள்ளயும் குரங்கு இருக்குமோ?

பேராதனையில படிச்சவன்:

கிணறுகார அண்ணை, நான் புவிச்சரிதவியல் செய்தனான். அப்பா சொன்னது நூறு வீதம் சரி. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, அந்தக் காலம் 2 கோடி 30 லட்சத்தில இருந்து 53 லட்சம் வருசத்துக்கு முன்னம் வரைக்கும். ஆழம் குறைஞ்ச இளஞ்சூட்டுக் கடலில படிஞ்சது, அதால சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத சின்னக் கடலுயிர்களின்ர ஓடு எல்லாம் இருக்கும். தரையில திரிஞ்ச குரங்கை அதுக்குள்ள எதிர்பாக்கேலாது. அதே மயோசீன் காலத்திலதான் வடக்க இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலைப்பக்கம் சிவபிதிக்கஸ் எண்ட வாலில்லாக் குரங்கு திரிஞ்சது, எங்கட கிணத்துக் கல்லின்ர காலத்து ஆள் எண்டு வைச்சுக்கொள்ளலாம்.

நிலாவின்ர அம்மா, இலங்கையில குரங்கெலும்பு ஆராய்ச்சியே இல்லை எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில இருந்து நீர்யானை, காண்டாமிருகம் எண்டு ஒருகாலத்தில இஞ்ச இருந்து அழிஞ்ச மிருகங்களின்ர எலும்புகளை எடுத்துப் படிச்சவர் போல் தெரணியகல, 1939ல இருந்து 1963 வரைக்கும் தேசிய நூதனசாலைகளின்ர பணிப்பாளர். பலாங்கொடை மனிசன் எண்ட ஆதிகால மனிசரைப் பற்றி எழுதினதும் அவர்தான். இப்ப கிட்டடியில 2019ல பாகியங்கலைக் குகையைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வந்தது, ஓஷான் வெடகே எண்ட எங்கட நாட்டு ஆராய்ச்சியாளரும் ஜேர்மனி மாக்ஸ் பிளாங்க் ஆக்களும் சேர்ந்து செய்தது. 45,000 வருசத்துக்கு முன்னம் அந்தக் குகையில இருந்த சனம் மழைக்காட்டுக் குரங்கையும் அணிலையும்தான் கூட வேட்டையாடித் திண்டிருக்கினம், குரங்கின்ர எலும்பையும் பல்லையும் தீட்டிக் கூர் ஆயுதமும் செய்திருக்கினம். அந்த ஆயிரக்கணக்கான துண்டுகளை மேசையில கொட்டி வைச்சு இது குரங்கின்ர கையெலும்பு, இது அணிலின்ர தாடை எண்டு பிரிக்கிறதுக்கு ஆள் வேணும். பிள்ளை அந்த ஆளா வரலாம்.

வழி எண்டு கேட்டா முதல் விலங்கியல் இல்லாட்டி புவிச்சரிதவியல், பேராதனையில ரெண்டுமே இருக்குது, பேந்து வெளியில ஸ்கொலர்ஷிப். ஏ.எல். றிசல்ட்ஸ் நல்லா வேணும், அதில ஒளிச்சுச் சொல்ல ஒண்டும் இல்லை. இன்னொண்டு, தொல்பொருள் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாம எந்தக் குகையிலயும் கையை வைக்கப்படாது எண்டு இப்பவே சொல்லி வையுங்கோ. வீட்டில இருக்கிற மண்டையோடும் காட்டு மிருகத்தது, வனசீவராசிகள் ஒபிசில ஒருக்காக் கேட்டுப்போட்டு வைச்சிருக்கிறது நல்லம்.

இணுவில் யோகன்:

நான் 80களில படிச்ச ஆள். அப்ப எங்களுக்கு ராமபிதிக்கஸ்தான் மனிசன்ர முதல் மூதாதை, 1 கோடி 40 லட்சம் வருசம் எண்டு கரும்பலகையில எழுதித் தந்தவை, நான் பாடமாக்கி எழுதி மார்க்ஸும் எடுத்தனான். பேந்து அது பிழை எண்டாச்சு. அந்தக் கதையைத் தூக்கி நிறுத்தினது இந்தச் சைமன்ஸ்தானே? ரமணன், அதை நீங்கள் எழுதேல்லை. பிள்ளைக்கு ஒராளைக் காட்டேக்க அதையும் சேர்த்துக் காட்டவேணும் எண்டது என்ர எண்ணம்.

கோண்டாவில் ரமணன்:

யோகன் அண்ணை, நீங்கள் கேட்டது சரி, நான் முதலே எழுதியிருக்கவேணும்.

1932ல லூயிஸ் எண்ட யேல் மாணவர் சிவாலிக் மலையில ஒரு மேல்தாடைத் துண்டு எடுத்து 1934ல ராமபிதிக்கஸ் எண்டு பேர் வைச்சார். சிவபிதிக்கஸுக்கு அதுக்கு முதலே 1910ல சிவன்ர பேர் வைச்சாச்சு, அப்ப இது ராமர். அந்தத் தாடை யேல் மியூசியத்தில ஆரும் பெருசாக் கவனிக்காமக் கிடந்தது. சைமன்ஸ் அங்க போன கையோட அதைப் பாத்திட்டு 1961ல எழுதினார், இது மனிசன்ர வழியில வந்த ஆள் எண்டு. வேட்டைப்பல் சின்னன், முகம் கட்டை, பல்லு வரிசை எங்கட மாதிரி வளைவா வரும் எண்டு கணிச்சார். ஆனா அவற்ற கையில இருந்தது ஒரு பக்கத் துண்டு, நடுவில ஒட்டிற இடம் இல்லை. மற்றப் பக்கத்தை மனசால கீறித்தான் வளைவைக் கண்டது. நீங்கள் ஒரு வளையலின்ர கால்வாசித் துண்டை எடுத்து முழு வளையலைக் கீறிப் பாருங்கோ, துண்டைக் கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சா வட்டம் வரும், கொஞ்சம் நிமித்திப் பிடிச்சா நீளமா வரும், அதுதான் நடந்தது. டேவிட் பில்பீம் எண்ட ஆராய்ச்சியாளரும் அவரோட சேர்ந்து எழுத, உலகம் முழுக்கப் புத்தகத்தில ஏறிச்சு, உங்கட கரும்பலகைக்கும் வந்திச்சு.

1967ல வின்சென்ற் சாரிச், அலன் வில்சன் எண்ட ரெண்டு பேர் பொசிலையே தொடாம, ரத்தத்தில இருக்கிற அல்புமின் புரதத்தை ஒப்பிட்டுப் பாத்து, மனிசனும் ஆபிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிஞ்சு 50 லட்சம் வருசம் மட்டில்தான் எண்டு சொல்லிச்சினம். அப்ப 1 கோடி 40 லட்சம் வருசத்து ராமபிதிக்கஸ் மனிசன்ர வழியா இருக்கேலாது. பொசில் பக்கத்து ஆக்கள் கனகாலமா அதை ஏற்கேல்லை, சைமன்ஸும்தான். பிறகு பாகிஸ்தானில பில்பீமின்ர குழுவுக்கு முழுசான தாடை கிடைக்க அது வளைவா இருக்கேல்லை, வீ வடிவில இருந்தது. 1982ல சிவபிதிக்கஸின்ர முகம் ஒண்டு வெளியில வந்தது, பாத்தா அப்பிடியே ஒராங்குட்டான். ராமபிதிக்கஸ் எண்ட பேரையே எடுத்து சிவபிதிக்கஸுக்குள்ள சேர்த்திட்டினம். பில்பீம் தான் எழுதினது பிழை எண்டு வெளிப்படையாச் சொன்னவர், என்ர மனசில அவருக்கு எப்பவும் ஒரு தனி மரியாதை இருக்குது.

சைமன்ஸ் அந்த அடியோட வீட்டில இருக்கேல்லை, நான் மேல எழுதின கட்டோபிதிக்கஸ் அதுக்குப் பிறகு எடுத்ததுதான். இன்னொண்டும் சொல்லவேணும், எங்கட ஆக்களுக்கு இது நல்லா விளங்கும். 1967ல அரபு இஸ்ரேல் சண்டை வர பாயூம் வேலை அப்பிடியே நிண்டது. பத்து வருசம் அங்க காலடி வைக்கேலாமப் போச்சுது. ஒரு சண்டை வந்து தொடங்கின வேலையைப் பாதியில விட்டிட்டு வாறது என்ன எண்டு இந்த ஊரில ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர் அந்த இடைவெளியில இந்தியாவுக்கு வந்து, 1968ல ஹிமாசல் பக்கம் பிலாஸ்பூருக்குக் கிட்ட ஜைகன்ரோபிதிக்கஸ் எண்ட ராட்சதக் குரங்கின்ர கீழ்த்தாடையைப் படிச்சு, அடுத்த வருசம் எழுதினார். 1977ல எகிப்து கதவு திறக்கத் திரும்பிப் போயிட்டார்.

ஸ்காபரோ செல்வி:

தங்கச்சி, நான் கனடாவில இருந்து எழுதிறன், சொந்த ஊர் அளவெட்டி. மருமகன் நோர்த் கரோலினாவில இருக்கேக்க எங்களை டியூக் பல்கலைக்கழகத்தின்ர லீமர் சென்ரருக்குக் கூட்டிக்கொண்டு போனவர், லீமர் எண்டா மடகஸ்கார்த் தீவில இருக்கிற, குரங்குக்குச் சொந்தமான மிருகம், அப்ப எனக்குச் சைமன்ஸ் ஆர் எண்டே தெரியாது. வெள்ளையும் மண்ணிறமுமா சிபாக்கா எண்ட ஒரு லீமர் மரத்தில நிமிந்து கட்டிப்பிடிச்சுக்கொண்டிருந்தது, திடீரெண்டு பின்னங்காலால உந்தி அடுத்த மரத்துக்குப் பக்கவாட்டில பாஞ்சது, பாயேக்க உடம்பு நிமிந்தபடியே போனது, என்ர பேத்தி கையைத் தட்டிக்கொண்டு நிண்டாள். 1977ல சைமன்ஸ் யேலை விட்டிட்டு டியூக்குக்குப் போனதே அந்த நிலையத்தை நடத்தத்தான். பொசில் ஆராய்ச்சி செய்த ஆள் உயிரோட இருக்கிற மிருகங்களைக் காப்பாத்தப் பாடுபட்டவர். அய் அய் எண்டு நீட்டு நடுவிரலோட ஒரு லீமர், மடகஸ்காருக்கு வெளியில அது முதல்முதல் பிறந்தது அங்க, 1992ல. பொன்முடிச் சிபாக்கா எண்ட இனத்தை 1988ல விபரமா எழுதிப் பேர் வைச்சதும் அவர்தான், தன்னட்டப் படிச்ச இயன் ரற்றர்சல் 1974ல அதை முதல்ல கண்டவர் எண்டபடியா அவற்ற பேரையே வைச்சார். இது எனக்குச் சரியாப் பிடிச்ச விசயம்.

மடகஸ்காரில குகைகளுக்குள்ள போய் அழிஞ்சுபோன பெரிய லீமர்களையும் எடுத்தவை, சிலது தலைகீழாத் தொங்கித் திரிஞ்ச ஆக்கள். சைமன்ஸின்ர மனிசி பிரிடெருன் அங்கல் சைமன்ஸும் பிறைமேற், அதாவது குரங்கினத்தின்ர, உடற்கூறு படிச்ச ஆராய்ச்சியாளர்தான், அதையும் மகளுக்குச் சொல்லுங்கோ. கென்யாவில ருசிங்கா தீவில புறோகொன்சல் எண்ட பழைய வாலில்லாக் குரங்கின்ர மண்டையோட்டை 1948ல கண்டது மேரி லீக்கி, ஒரு பொம்பிளைதான்.

நெற்றில மோர்ஃபோசோர்ஸ் எண்டு ஒரு சைற் இருக்குது, டியூக்கில துவங்கினது. மியூசியங்களில இருக்கிற எலும்பு, மண்டையோடுகளின்ர முப்பரிமாண ஸ்கான் கனக்க இருக்குது, கொம்பியூற்றரில திருப்பித் திருப்பிப் பாக்கலாம், காசு இல்லை. மகள் தன்ர குரங்கை மேசையில வைச்சுக்கொண்டு பக்கத்தில அதைத் திறந்து பாக்கட்டும்.

ரமணன் தம்பி தேவாங்கு எண்டு எழுதினதை வாசிக்க ஞாபகம் வந்தது. 2003ல சைமன்ஸும் அவற்ற மாணவர் எரிக் சைபேர்ட்டும் எகிப்து யூசிரி அட்டியாவும் சேர்ந்து பாயூமில எடுத்த சின்னப் பல்லுகளை எழுதினவை, கிட்டத்தட்ட 4 கோடி வருசத்தது, தேவாங்குக் குடும்பத்தின்ர ஆகப் பழைய ஆக்கள். நான் சின்னனில வவுனியாப் பக்கம் இரவில ரோச் அடிக்க ரெண்டு கண் சிவப்பா மினுங்கினதைக் கண்டு பயந்து ஓடியிருக்கிறன், அதின்ர பாட்டன் பூட்டன் எகிப்தில எண்டு வாசிக்கேக்க மயிர் கூச்செறிஞ்சது.

நிலாவின்ர அம்மா (திருநெல்வேலி):

எல்லாருக்கும் என்னண்டு நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. நேற்றிரவு இவரையும் கூப்பிட்டு இருத்தி முழுக்கச் சத்தமா வாசிச்சனான். சைமன்ஸ் 2016ல காலமாகிட்டார் எண்டு மகள் நெற்றில பாத்துச் சொன்னாள், சொல்லேக்க முகம் வாடிப்போச்சு, தெரிஞ்ச ஒராள் செத்தது மாதிரி.

இவர் ஒண்டும் கதைக்கேல்லை, எழும்பிப் போய் அலுமாரிக்கு மேல இருந்த பிஸ்கற் ரின்னை இறக்கிக்கொண்டு வந்து திறந்தார். இவ்வளவு நாளும் அவர் அதைத் தொட்டதில்லை. கண் குழிக்குள்ள சுண்டுவிரலை விட்டுப் பாத்திட்டு, ஓம் பின்னால முட்டுது எண்டு சொன்னார். மகள் உடன பக்கத்தில வந்து இருந்து கடைவாய்ப்பல்லைக் காட்டி ஏதோ விளங்கப்படுத்தத் துவங்கினாள், நான் தேத்தண்ணி போட எழும்பிட்டன்.

வனசீவராசிகள் ஒபிசுக்குத் திங்கக்கிழமை போறம். ரமணன் தம்பி, இது மந்தியோ செங்குரங்கோ எண்டு பல்லைப் பாத்துச் சொல்லலாமோ எண்டு மகள் கேக்கிறாள். கடைவாய்ப்பல்லில குறுக்கால ரெண்டு வரம்பு இருக்குதாம், கூரா இருக்குதாம், மூஞ்சை பெருசா நீளமில்லையாம். படம் எடுத்துப் போடவோ?

கோண்டாவில் ரமணன்:

போடுங்கோ அக்கா. வரம்பு உயரமாக் கூரா, மூஞ்சை கட்டையா இருந்தா மந்தி எண்டுதான் நினைக்கிறன், இலை வெட்டித் தின்னிறதுக்கு அந்தக் கூர் வேணும். கடைவாய்ப்பல்லை மேலால இருந்து ஒரு படம், பக்கவாட்டில ஒரு படம், பக்கத்தில ஒரு அடிமட்டம் வைச்சு எடுக்கச் சொல்லுங்கோ. விடிய வெளிச்சத்தில எடுத்தா வடிவாத் தெரியும்.